சிகரெட்டை விட்டவர் சுருட்டைப் பிடித்தார்

எராஸ்மோ சிகரெட்டை விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பேண்டு வாசிப்பு முடிந்து வீடு திரும்பிய கையோடு. விடவைத்தது அவருடைய டியூபா.

கியூபாவின் பினார் தெல் ரியோ நகர பேண்டில் அவர் முப்பத்தோரு வருடமாக டியூபா ஊதுகிறவர். ஆளில் பாதியை மறைக்கிற அந்தப் பித்தளை வாத்தியத்துக்குள் மூச்சைக் குடம் குடமாக ஊற்ற வேண்டும். கிளாரினெட்காரர்கள் மெட்டுக்குப் பூ வைப்பார்கள், பொட்டு வைப்பார்கள். டியூபா தரை போடும். அன்று தரை பெயர்ந்துவிட்டது. பழைய டான்சோன் நடன மெட்டு ஒன்றின் கடைசியில் எட்டு எண்ணும்வரை இழுக்க வேண்டிய ஸ்வரத்தை ஐந்திலேயே விட்டார். விட்டதோடு நிற்காமல் இருமினார். சும்மா இருமியிருந்தால் பக்கத்து நாற்காலிக்குத்தான் கேட்டிருக்கும். டியூபாவுக்குள் இருமியதால், ஈனப்போகிற பசு கத்தியதுபோல் பூங்கா முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். பேண்டு மாஸ்டர் மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை. எராஸ்மோவுக்கு அதுதான் சுட்டது.

அவர் மனைவி ஒடாலிஸ் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது இருமலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெங்காயம் கிடைக்கவில்லை என்றாள். அத்தை மகள் கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்றாள். மனைவி திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். வெங்காயத்தைப் பற்றிப் பேசுகிறவளிடம் என்ன செய்வது? வாசல்படியில் எராஸ்மோ நின்றார். சட்டைப் பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டைக் கசக்கிச் சாக்கடையில் எறிந்தார்.

"இந்த நிமிஷத்திலேருந்து, சாகற வரைக்கும், ஒரு சிகரெட்கூட என் உதட்டைத் தொடாது. இது சத்தியம்" என்றார்.

"சரி கெழவா. கதவைத் திற, கால் கடுக்குது" என்றாள் ஒடாலிஸ்.

ஒடாலிஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவள் சுருட்டு ஃபாக்டரியில் சுருட்டு சுருட்டுகிறவள். இருபத்தாறு வருட அனுபவம். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கைதான் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும் என்று, மேடை போட்டு ஒருவர் உட்கார்ந்து தினமும் பத்திரிகையும் கதைப் புத்தகமும் உரக்க வாசிப்பார். ஆக, இருபத்தாறு வருடமாக உலகத்தில் உள்ள எல்லாத் துரோகமும், சதியும், வழக்கும் தீர்ப்பும் ஒடாலிஸ் காதில் விழுந்திருக்கின்றன. எராஸ்மோவின் காதில் விழுந்ததெல்லாம் டியூபா ஒன்றுதான்.

சத்தியம் இரண்டு முழு நாள் தாக்குப்பிடித்தது. புதன்கிழமை சாயங்காலம் ஒடாலிஸ் வேலை முடிந்து வந்தபோது, வீட்டு முன்வராந்தாவில் ஆடும் நாற்காலியில் எராஸ்மோ சாய்ந்திருந்தார். கையில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. எதிரே ஃபெர்மீன். எதிர்வீட்டுக்காரர், புகையிலை காயப்போடும் கொட்டகைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தினமும் ஐந்து மணிக்கு எராஸ்மோவோடு டாமினோ ஆடுகிறவர். சுருட்டு அவருடைய உபயம்.

"சிகரெட்டை விட்டுட்டேன்னு சொன்ன?"

"விட்டுட்டேனே. இது சுருட்டு."

"அதாவது, விட்டு விட்டுப் பிடிக்கிற."

எராஸ்மோ இந்த இடத்துக்காக மத்தியானத்திலிருந்தே தயாராக இருந்தார். சிகரெட் வேறு, சுருட்டு வேறு என்று ஆரம்பித்தார். சிகரெட்டில் காகிதம் எரிகிறது, சுருட்டில் உள்ளேயும் இலை, வெளியேயும் இலை. சிகரெட் நாளைக்கு இருபது, சுருட்டு ஒன்றே ஒன்று. சிகரெட் புகை நெஞ்சுக்குள் குடியேறிவிடும். சுருட்டுப் புகையோ வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும் விருந்தாளி. அதை யாரும் உள்ளே இழுப்பதில்லை. ஃபெர்மீனின் தாய்மாமன் தொண்ணூற்று மூன்று வயதுவரை சுருட்டுக் குடித்தார். அவரும் சுருட்டால் சாகவில்லை, மாட்டுவண்டி மேலே ஏறித்தான் செத்தார். ஃபெர்மீன் தலையாட்டினார்.

ஒடாலிஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு விரல்விட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஒன்றுதானே? ஒன்றுதான். உள்ளே இழுப்பதில்லையே? இல்லவே இல்லை.

"அப்ப எதுக்குக் கண்டவன் சுருட்டினதைக் குடிக்கிற?" என்றாள். "ஊர் உலகத்துக்கெல்லாம் சுருட்டிப் போடறேன். கட்டுன புருஷனுக்கு ஒன்னு சுருட்டித் தரமாட்டேனா? நாளையிலேருந்து நான் கொண்டாந்து தரேன். பின்கட்டு மரத்தடியில உக்காந்து குடி. புகை வீட்டுக்குள்ள வரக் கூடாது, எனக்கும் நுரையீரல் ரெண்டு இருக்கு."

எராஸ்மோவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் ஜெயித்த முதல் வாதம் இது. அவள் உள்ளே போனதும் ஃபெர்மீனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சுருட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிறவளிடம் வாயைக் கொடுத்திருக்கிறோமே என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் வந்த சுருட்டைச் சுருட்டு என்று சொல்ல நாக்கு கூசும். நாற்காலிக் காலில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாளோ என்று பார்த்தார் எராஸ்மோ. ஃபாக்டரியில் வேலை செய்கிறவர்களுக்குச் சொந்த உபயோகத்துக்கென்று தினமும் இரண்டு சுருட்டிக்கொள்ள விடுவார்கள். இத்தனை வருடமும் தன் பங்கை உடன் வேலை செய்கிறவர்களுக்கே விட்டுக்கொடுத்தவள், இப்போது தன் கையாலேயே சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து பற்றவைத்தார். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. சுருட்டு அப்படியே இருந்தது, எராஸ்மோதான் குறைந்துகொண்டே வந்தார். பாதியில் அணைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக அணைக்கலாம், ஆனால் மறுபடி பற்றவைத்தால் அது இரண்டாவது என்று சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் குடித்தார். டாமினோ போயிற்று. மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழி இரண்டு கோழியாகத் தெரிந்தது. இரவுச் சாப்பாட்டில் கறுப்பு பீன்ஸுக்கும் சோற்றுக்கும் நாக்கில் வித்தியாசம் தெரியவில்லை.

டாமினோவுக்கு ஆள் வராததால் ஃபெர்மீனே மறுநாள் மரத்தடிக்கு வந்தார். காற்றை மோந்து பார்த்தார். "உச்சி இலை" என்றார் மரியாதையோடு. செடியின் உச்சியில் வெயிலை நேராகக் குடித்து வளர்கிற இலை, இருப்பதிலேயே காரம் கூடியது. தன் கொட்டகையில் அதைக் கலப்புக்குக் கிள்ளிப் போடுவார்களே தவிர, இப்படி அள்ளி வைத்துச் சுருட்டியதைப் பார்த்ததில்லை என்றார். எராஸ்மோ பெருமையாகச் சிரிக்கப் பார்த்தார். தலை சுற்றியதால் சிரிப்பு ஒரு பக்கமாகவே வந்தது.

சனிக்கிழமை ஒடாலிஸ் இருவரையும் சமையலறை மேஜைக்குக் கூப்பிட்டாள். காபி வைத்திருந்தாள். காபிக்குப் பக்கத்தில் அவள் இலை அறுக்கிற அரைவட்டக் கத்தியும், எராஸ்மோவின் சுருட்டுக்கு இரட்டைப் பிள்ளையான இன்னொரு சுருட்டும், ஒரு கட்டு சிகரெட் காகிதமும் இருந்தன. கத்தியை ஓட்டிச் சுருட்டை நீளவாக்கில் பிளந்தாள். உள்ளிருந்த இலையைப் பொடியாக அரிந்தாள். காகிதத்தை எடுத்து வைத்து உருட்ட ஆரம்பித்தாள். அவள் விரல் போகிற வேகத்துக்கு சிகரெட் என்பது குழந்தை விளையாட்டு. ஒவ்வொன்றாக மேஜையில் வரிசை கட்டின. பத்தானதும் எராஸ்மோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பதினைந்தானதும் ஃபெர்மீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பத்தொம்போது. இருபது. இன்னும் கொஞ்சம் தூள் மிச்சம் இருக்கு" என்றாள் ஒடாலிஸ். "ஒரு நாளைக்கு ஒன்னே ஒன்னுதான்னு சொன்னியே கெழவா. நீயே எண்ணிக்கோ."

எராஸ்மோ எண்ணவில்லை. தான்தான் உள்ளே இழுப்பதில்லையே என்று கடைசிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். எத்தனை இலை எரிந்தால் என்ன, விருந்தாளி வாசலோடு போகிறானா இல்லையா என்றார். அதையும் பார்த்துவிடலாம் என்றாள் ஒடாலிஸ்.

பார்த்தது மறுநாள் மத்தியானம், மரத்தடியில். ஃபெர்மீன் நடுவர். ஏற்பாடு எளிமையானது. எராஸ்மோ ஒரு இழுப்பு இழுத்ததும் அவள் ஒரு கேள்வி கேட்பாள், உடனே பதில் சொல்ல வேண்டும். புகை வாயோடு நின்றிருந்தால் முதல் வார்த்தையோடு மொத்தமும் வெளியே வந்துவிடும். நெஞ்சுக்குப் போயிருந்தால் மெதுவாகத்தான் வரும். புகை வரும்வரை வார்த்தைக்கு ஒன்றாக ஃபெர்மீன் டாமினோ காய் வைப்பார்.

அவர் இழுத்தார். அம்மாவின் முழுப் பெயரைச் சொல்லச் சொன்னாள்.

"மரியா" என்றார். புகையில்லை. "தெ லா கரிதாத்" என்றார். புகையில்லை. "பெனால்வேர்" என்னும்போது மூக்கிலும் வாயிலும் ரயில் கிளம்பியது.

அடுத்து, கல்யாணத்தன்று என்ன சமையல் என்று கேட்டாள். பன்றி வறுவல், பீன்ஸ் சோறு, வாழைக்காய் வறுவல் எல்லாம் சுத்தமான காற்றில் வந்தன. மரவள்ளிக்கிழங்கு புகைந்துகொண்டே வந்தது. ஃபெர்மீனின் காய் வரிசை நீண்டது. மூன்றாவதாக, அந்தக் கல்யாணம் எந்த வருடம் நடந்தது என்று கேட்டாள். எராஸ்மோ யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் புகை முழுவதும் தானாகவே வெளியேறிவிட்டது. அது தனி வழக்கு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் ஒடாலிஸ்.

நாற்பது வருடம் சிகரெட் பிடித்த நெஞ்சு. புகை வாசலில் நிழல் காட்டினாலே எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுகிறது. ஆனால் தோற்றவர் சும்மா இருப்பாரா? பழக்கம்தானே, மாற்றிக்கொள்கிறேன் என்றார். மாற்றியும் காட்டினார். பதினைந்து நாள் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்தார். புகையை இடது கன்னத்தில் நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, நெஞ்சுக்குக் காட்டாமல் திருப்பி அனுப்பக் கற்றுக்கொண்டார். இருமல் குறைந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அந்த நீண்ட ஸ்வரம் ஆறுவரை போயிற்று, பிறகு ஏழுவரை போயிற்று. பேண்டு மாஸ்டர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். சிகரெட்டை விடச் சுருட்டு மேல் என்று ஊரே கேட்க நிரூபித்தாயிற்று என்று எராஸ்மோ மார்தட்டினார். ஒடாலிஸ் நல்லது என்று மட்டும் சொன்னாள். மறுநாளும் மறக்காமல் சுருட்டு கொண்டுவந்தாள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு உறுத்தியது. காலையில் காபி ஊற்றும்போது கை நடுங்கியது. கோழி கத்தினால் எரிச்சல் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னும் எத்தனை மணி இருக்கிறது என்று மனசு ஓயாமல் எண்ணிக்கொண்டே இருந்தது. சிகரெட்டுக் காலத்தில் இருந்த அதே தவிப்பு. புகைதான் உள்ளேயே போகவில்லையே, அப்புறம் உள்ளேயிருந்து கேட்கிறவன் யார் என்று அவருக்குப் புரியவில்லை.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை. சவரம் செய்துகொண்டிருந்தவர் கன்னத்தை உப்பி இழுத்தபோது, உள்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பால் ஆடை என்று நினைத்து விரலால் தேய்த்தார். போகவில்லை. துண்டால் தேய்த்தார். போகவில்லை. வலியும் இல்லை. இடது கன்னம். புகையை நிறுத்திச் சுற்றுகிற அதே இடம். முகத்தில் சோப்பு நுரை காயும்வரை அப்படியே நின்றார்.

ஒடாலிஸிடம் சொல்லவில்லை. அன்று மாலை வயிறு சரியில்லை என்று சுருட்டைப் பற்றவைக்கவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அவர் டியூபாவை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் பொருத்தி, ஊதாமல் உட்கார்ந்திருந்தார். உதடும் கன்னமும்தான் அவர் சோறு. அதற்கு ஒன்று ஆகிவிட்டால் பூங்காவுக்குப் போய்ப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்து இன்னொருவன் போடுகிற தரையைத்தான் கேட்க வேண்டும்.

புதன்கிழமை காலை, அவள் வேலைக்குப் போனதும், இரண்டு தெரு தள்ளியிருந்த பேட்டை மருத்துவமனைக்கு நான்கு தெரு சுற்றிக்கொண்டு போனார். கீழே மருத்துவமனை, மாடியில் டாக்டர் யாமிலாவின் வீடு. சின்ன வயசு, ஆனால் பேட்டையில் எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று விரல்நுனியில் வைத்திருக்கிறவர். விளக்கடித்துப் பார்த்தார். உறையிட்ட விரலால் அழுத்திப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். சூட்டுக்கும் புகைக்கும் வருகிற வெள்ளைத் திட்டு என்றார். புகையை அடியோடு நிறுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும். மூன்று வாரம் பார்க்கலாம், குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் அது பிற்பாடு என்னவாக மாறும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

எராஸ்மோ தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், ஒன்னே ஒன்னு சொல்லிடுங்க. சிகரெட்டா, சுருட்டா, எதுல ஆபத்து கம்மி?"

"நுரையீரலை மட்டும் கேட்டீங்கன்னா, உள்ள இழுக்காதவங்களுக்குச் சுருட்டுல கம்மிதான். அதுக்காகப் பயமே இல்லைன்னு அர்த்தம் இல்ல. வாய், தொண்டை, உணவுக்குழாய்னு கேட்டா, கம்மின்னு நான் சொல்லமாட்டேன். சுருட்டுல இருக்கற நிக்கோட்டினுக்கு நெஞ்சு தேவையே இல்ல. கன்னத்துத் தோல் வழியாவே ரத்தத்துல ஏறிடும். காலையில கை நடுங்குதுன்னீங்களே, அது அதுதான்" என்றார் டாக்டர். பிறகு உறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "முதலை எந்தப் பக்கப் பல்லால கடிச்சா பரவாயில்லைன்னு கேக்கறீங்க, எராஸ்மோ. நான் தண்ணியை விட்டு மேல ஏறுங்கன்னு சொல்றேன்."

எராஸ்மோ எழுந்து நின்றார். நகர பேண்டுக்காரரின் கம்பீரத்தோடு, தான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். இது தானே யோசித்து எடுத்த முடிவு. சிகரெட், சுருட்டு இரண்டையும் விடுகிறவர்களுக்கு இங்கே ஒரு குழு நடக்கிறதாமே, அதில் தன் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். மனைவிக்குத் தெரிய வேண்டாம், திடீரென்று சொல்லி அவளைத் திகைக்க வைக்கப்போகிறார்.

நர்ஸ் மிர்த்தா நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி அவர் பக்கம் திருப்பினாள். அவர் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. எழுத்து ஒடாலிஸுடையது. தேதி, அவர் ஃபெர்மீனின் சுருட்டை முதன்முதலில் பற்றவைத்த நாளுக்கு மறுநாள்.

"நாலாவது வாரம் வியாழக்கிழமை வருவீங்கன்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டுப் போனாங்க" என்றாள் மிர்த்தா. "இன்னைக்குப் புதன்தானே ஆகுது."

ஆக, உச்சி இலையும், இருபது சிகரெட்டும், அம்மாவின் முழுப் பெயரும் எல்லாமே இந்த நோட்டுக்கு வந்துசேருகிற வழிகள். எராஸ்மோ வாசல் வரை தளர்ந்துபோய் நடந்தார். வாசலில் நின்றார். வியாழன் என்றாள், இன்று புதன். அவள் போட்ட கணக்கை ஒருநாள் முந்திவிட்டார். வீட்டுக்குக் குறுக்கு வழியில், நிமிர்ந்து நடந்தார்.

ஆனால் அன்று மாலை அந்த வெற்றியைப் பற்றிப் பேச வாய்க்கவில்லை. முதலில் வெள்ளைத் திட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நோட்டைப் பார்த்துவிட்டேன் என்று அவர் சொன்னபோது வந்த சிரிப்பு, கன்னம் என்றதும் அவள் முகத்திலிருந்து போய்விட்டது. டார்ச்சை எடுத்துவந்து, அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, உள்ளே பார்த்தாள். இலையை நூல் பிசகாமல் அறுக்கிற கை அது. டார்ச் வெளிச்சம் அவர் பல்லிலும் மூக்கிலும் அலைந்தது.

"இது எனக்குத் தெரியாது, கெழவா" என்றாள். "நீயே சலிச்சுப்போய் விடுவேன்னு நெனச்சேன். பிடுங்கி எறிஞ்சா இன்னொன்னு வாங்குவ, அதான் பிடுங்கலை. இது தெரிஞ்சிருந்தா முதல் நாளே பிடுங்கியிருப்பேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒடாலிஸ் கணக்குத் தவறி எராஸ்மோ பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருடம் ஆசைப்பட்டிருக்கிறார். பார்த்தபோது கொஞ்சமும் சந்தோஷமாக இல்லை. சும்மா இரு, அது போய்விடும் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். அன்று சமையல் அவருடையது. சோறு குழைந்துவிட்டது. அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் நல்ல வாரமாக இல்லை. எராஸ்மோ கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டே இருந்தார். ஆடும் நாற்காலி ஆடுகிறது என்று அதோடு சண்டை போட்டார். வியாழன்தோறும் குழுவுக்குப் போனார். துணைக்கு வருகிறேன் என்று வந்த ஃபெர்மீனையும் மிர்த்தா நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டாவது வாரம் பீன்ஸின் ருசி திரும்பி வந்தது. இத்தனை நாளும் உப்பு கம்மியாகவா போட்டுக்கொண்டிருந்தாய் என்று கேட்டுத் திட்டு வாங்கினார். மூன்றாவது வாரம் காபிக் கோப்பை கையில் ஆடாமல் நின்றது.

குறித்த நாளில் ஒடாலிஸும் கூடப் போனாள். டாக்டர் யாமிலா விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அவளையும் கூப்பிட்டுக் காட்டினார். நகத்தளவு இருந்த திட்டு மிளகளவுக்கு வந்திருந்தது, அதுவும் சுற்றிலும் இளஞ்சிவப்பாகத் தேறிக்கொண்டிருந்தது. இப்போதைக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், மாதம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். ஒடாலிஸ் டாக்டரின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

திரும்பும்போது அவள் அவர் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. இதுதான் சமயம் என்று எராஸ்மோ மூன்று வாரமாகச் சேமித்து வைத்திருந்ததை எடுத்தார்.

"எல்லாத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்சவதான் நீ, ஒத்துக்கறேன். ஆனா ஒன்னுல தோத்துட்ட. வியாழக்கிழமை வருவேன்னு மிர்த்தாகிட்ட சொல்லியிருந்த. நான் புதன்கிழமையே போய் நின்னேன்."

ஒடாலிஸ் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"எந்தக் கிழமை வந்தாலும் அதுக்கு மறுநாளைச் சொல்லுன்னுதான் மிர்த்தாகிட்ட சொல்லிவச்சிருந்தேன், கெழவா. ஒருநாளாவது என்னை முந்திட்டோம்னு இருந்தாதானே நீ விடுவ."